திருப்பித் தர வேண்டிய தேதி

1979 செப்டம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். ஏரி இருக்கிறதா, யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா, தெரியவில்லை. ஜன்னலைத் திறந்தால் மூட்டம் உள்ளே வந்து அலமாரிகளுக்கு நடுவே நிற்கிறது. மூடினால் புத்தகங்களுக்குப் பூஞ்சணம். திறந்தே வைத்தேன்.

ஆராய்ச்சி நிலைய நூலகத்துக்கு வந்தவுடன் முதல் வேலை தேதி முத்திரையின் சக்கரத்தைத் திருப்புவது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தாளில், திருப்பித் தர வேண்டிய தேதியைக் குத்துகிற ரப்பர் முத்திரை. இன்று மறந்துபோனேன். சனிக்கிழமை திருப்பிவைத்த கெடுவிலேயே மூன்று புத்தகம் வெளியே போய்விட்டது. பூச்சியியல்காரர்களுக்கு நஷ்டம். அவர்கள் எப்படியும் கெடுவைப் பார்ப்பதில்லை.

பத்து மணிக்கு டைரக்டர் கூப்பிட்டார்.

"அக்டோபர்ல ஒரு டிரெயினிங் வைக்கிறோம் ஸ்டெல்லா. கீழ இருக்கிற நிலையங்கள்ல புதுசா சேர்ந்த ரிசர்ச் ஆளுங்க வர்றாங்க. லைப்ரரியை எப்படி யூஸ் பண்றதுன்னு நீங்கதான் சொல்லிக்குடுக்கணும். மூணு நாள்."

"மூணு நாள் சொல்ல என்ன சார் இருக்கு?"

"ரெண்டு நாள் பாடம். ஒரு நாள் கோக்கர்ஸ் வாக்."

சொல்லிக்கொடுக்க வேண்டியவை என்று சாயங்காலம் எழுதிப் பார்த்தது: அலமாரி அடுக்குமுறை. ஆய்வுச் சுருக்கத் தொகுதிகளில் தேடுவது. நம்மிடம் இல்லாத கட்டுரைக்கு டெல்லியிலிருந்து நகல் வரவழைப்பது. வெளிநாட்டு ஆசிரியருக்கே கார்டு போட்டு ரீப்ரிண்ட் கேட்பது. பக்கத்தைக் கிழிக்காமல் இருப்பது.

கடைசியானதற்கே ஒரு நாள் ஆகும்.

செப். 5, புதன்

கப்பல் தபால் சாக்கு வந்தது. பிரித்தால் எல்லாம் ஏப்ரல் மாத இதழ்கள். எங்கள் நூலகத்தில் இப்போதுதான் ஏப்ரல் தொடங்குகிறது. வெளியே ஐப்பசிக் குளிருக்கு ஒத்திகை, உள்ளே ஏதோ ஒரு நாட்டில் ஆப்பிள் பூத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இது பிடிக்கும். அம்மா அடிக்கடி சொல்வாள், நான் எல்லாவற்றிலும் நாலு மாதம் பிந்தித்தான் முழித்துக்கொள்வேன் என்று. என் குற்றமில்லை, வேலை அப்படி.

அந்தோணியண்ணன் சாக்கை உதறி மடித்தார். நூலகத்தில் நானும் அவரும்தான். அடுக்குவது, தூசி தட்டுவது, பைண்டிங்குக்குக் கட்டுவது எல்லாம் அவர். சொந்த ஊர் வடகவுஞ்சி.

"யம்மா, இம்புட்டையும் ஆரு படிக்கிறது?"

"யாராவது ஒருத்தர் ஒண்ணைப் படிச்சாப் போதும்ணே."

"அந்த ஒருத்தர் படிக்கட்டுல வந்துக்கிட்டு இருக்காரு" என்றார்.

கதிர்வேல். இனிமேல் க. என்று மட்டும் எழுதுவேன். அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது, இருந்தாலும் க. போதும்.

க. வெள்ளைப்பூண்டு ஆராய்ச்சி. நட்டுவைக்கும் விதைப்பூண்டை முன்கூட்டியே குளிரில் வைத்திருந்தால் கிழங்கு எப்படித் திரள்கிறது என்று பார்க்கிறார். கூக்காலில் ஒரு குடியானவர் நிலத்தில் பாத்தி. நாலு வருட வேலை. ஆய்வேடு முடியும் தறுவாயில். அதை ஒப்படைத்துவிட்டால் சிம்லா பக்கம் வேலை தயாராக இருக்கிறது. டிசம்பரில் சேர வேண்டும். ஒப்படைக்காவிட்டால் வேலை இல்லை.

பழனியிலிருந்து வந்திருக்கிறார். அப்பாவுக்கு அங்கே அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. மேஜைமேல் ஒரு டப்பாவை வைத்தார்.

"நூலகத்துல தின்பண்டம் கூடாது" என்றேன்.

"இது பிரசாதம் மேடம்."

"அந்தோணியண்ணே, பிரசாதத்துக்கு விதி இருக்கா?"

"ரெண்டு ஸ்பூன் இருக்கு" என்றார் அண்ணன்.

க. ஜன்னல் ஓர நாற்காலியில் உட்கார்ந்து சாயங்காலம் வரை எழுதினார். ஸ்வெட்டரில் பூண்டு வாசம். அவர் போன பிறகும் அந்தப் பக்கத்து அலமாரியில் இருந்தது. நான் அந்த அலமாரியில் இல்லாத வேலையை உண்டாக்கிச் செய்துகொண்டிருந்தேன்.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எழுதியாகிவிட்டது. நாளை மழை வந்தால் ரொட்டிக்கடைக்கு வெள்ளனே போக வேண்டும்.

செப். 8, சனி

அரை நாள். தூறல்.

டிரெயினிங்குக்கு ஒரு பயிற்சி வேண்டும். ஆய்வுச் சுருக்கத் தொகுதியில் எப்படித் தேடுவது என்று செய்து காட்ட. இந்தத் தொகுதிகளில், உலகத்தில் எங்கே எவர் எந்தப் பயிரைப் பற்றி எழுதினாலும் நாலைந்து வரியாகச் சுருக்கி, பொருள்வாரியாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஆராய்ச்சியைத் தொடங்கும்முன், 'இதை ஏற்கெனவே எவனாவது செய்துவிட்டானா' என்று அங்கேதான் பார்க்க வேண்டும். வகுப்பில் செய்து காட்டும்போது விடை தெரிந்த கணக்காக இருப்பது நல்லது. அதனால் க.வின் தலைப்பையே எடுத்துக்கொண்டேன். அவர் தேடி, ஒன்றும் இல்லை என்று முடித்தது. பத்துத் தொகுதி புரட்டினால் பத்திலும் இல்லை என்று காட்டலாம்.

எழுபத்தாறாம் வருடத் தொகுதியில் இருந்தது.

ஜெர்மனியிலிருந்து ஒருவர். விதைப்பூண்டை நடுமுன் குளிரில் வைத்தல், கிழங்கு திரளுதல். அப்படியே க.வின் தலைப்பு. கீழே நாலு வரியில் க.வின் முடிவு.

எப்படித் தப்பியது என்று எழுந்து நின்று யோசித்தேன். அவர் கடைசியாகத் தேடிய சமயத்தில், இரண்டு வருடம் முன், அந்தத் தொகுதி பைண்டிங்குக்கு மதுரை போயிருந்தது. தட்டில் தொகுதி இருந்த இடத்தில் 'மதுரையில்' என்று ஓர் அட்டையைச் செருகிவைப்போம். தொகுதி திரும்பியதும் அட்டையை எடுத்துவிட்டு, கேட்டிருந்தவரிடம் சொல்ல வேண்டும். அந்தோணியண்ணன் அட்டையை எடுத்தார். நான் சொல்லவில்லை. க.வும் வந்து கேட்கவில்லை, கூக்காலில் பூண்டு நட்டுக்கொண்டிருந்தார். பச்சைத் துணி முதுகோடு அது இரண்டு வருடமாக, அவர் உட்காரும் நாற்காலிக்கு நேர் மேல் தட்டிலேயே இருந்திருக்கிறது.

இங்கே யார் படிக்கப்போகிறார்கள், உள்ளதை எழுதுகிறேன். முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை. சந்தோஷம். ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது, வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்க வேண்டும், சிம்லாவுக்குப் போகமாட்டார். இன்னும் இரண்டு மூன்று வருடம் அந்த ஜன்னல் ஓரத்தில் பூண்டு வாசம்.

பிறகுதான் அவருடைய நாலு வருடம் நினைவுக்கு வந்தது.

தொகுதியைத் தட்டில் திரும்ப வைக்கவில்லை. என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பிறகு திறந்து மேஜைமேலேயே வைத்தேன்.

செப். 9, ஞாயிறு

பூசைக்குப் போனோம். பிரசங்கம் எதைப் பற்றி என்று அம்மா கேட்டாள். "நன்றி" என்று சொல்லி வைத்தேன். அது இல்லையாம், விதைக்கிறவன் உவமையாம்.

"உன் மனசு எங்கடி இருக்கு?"

"மேல்தட்டுல."

அம்மா முறைத்தாள். பிறகு வழக்கமான பேச்சு. திண்டுக்கல்லில் ஒரு மாப்பிள்ளை. ஸ்கூலில் கணக்கு வாத்தியார். மனைவி இறந்து இரண்டு வருடம். "முப்பத்தொண்ணு முடிஞ்சிருச்சு ஸ்டெல்லா. இனி நீயா ஒண்ணு பாத்தாலும் நான் வேணாங்கப் போறதில்ல" என்றாள். சாம்பாரைக் கிளறிக்கொண்டே சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். முருகன் மலையடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடைக்காரர் மகனையும் வேண்டாம் என்று சொல்லமாட்டாளா என்று கேட்கவில்லை.

மத்தியானம் தூங்கிப்போனேன். கனவு. அலமாரிப் புத்தகங்களின் முதுகில் பச்சையாக முளை விட்டிருக்கிறது, பூண்டுத் தாள் மாதிரி. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிறேன். யாரோ, "எல்லாத்துக்கும் கெடு முடிஞ்சது" என்கிறார்கள். நான் கேட்காமல் ஊற்றுகிறேன். முழித்தபோது மூட்டம் கட்டில் கால் வரை வந்திருந்தது. கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் கனவு என்று தெரியாமல் கிடந்தேன்.

செப். 10, திங்கள்

முத்திரையைத் திருப்பினேன். சரியான தேதி.

க. வந்ததும் தொகுதியை விரித்துக் காட்டினேன். முன்னுரை ஒன்றும் சொல்லவில்லை. நின்றுகொண்டே படித்தார். மறுபடி படித்தார். உட்கார்ந்தார்.

"இது எங்க இருந்துச்சு மேடம்?"

"நீங்க தேடினப்ப மதுரையில. இப்ப..." மேல்தட்டைக் காட்டினேன். "வந்தப்ப நான் சொல்லியிருக்கணும்."

அண்ணாந்து பார்த்தார். சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது, அவர் சிரித்ததால்.

"என் தலைக்கு மேலயேவா? நானும் கேட்டிருக்கணுமில்ல. அப்ப நடவு சோலி." தொகுதியை மூடி வைத்தார். "நாலு வருசம் மேடம். அப்பா அன்னைக்கே கடையில உக்காருன்னாரு. பஞ்சாமிர்தத்துக்கு எவனும் முன்னாடியே பேப்பர் போட்டிருக்க மாட்டான்."

"நாலு வரிதான் இருக்கு இதுல. முழுக் கட்டுரையையும் பாத்துட்டுப் பேசுவோம்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை. டெல்லியில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்கு நகல் கேட்டுத் தந்தி. அந்த ஜெர்மன்காரருக்கும் ஒரு ரீப்ரிண்ட் கார்டு. 'தங்கள் அரிய கட்டுரையின் ஒரு பிரதியை அனுப்பி உதவ வேண்டுகிறோம்.' கார்டில் அச்சடித்தே இருக்கிறது, 'அரிய'. அடித்துவிடலாமா என்று கேட்டார் க. இருவரும் சிரித்தோம். மத்தியானம் இருவருமே சாப்பிடவில்லை என்று கேன்டீனில் சொன்னார்களாம்.

செப். 18, செவ்வாய்

க. வரவில்லை. நேற்றும் இல்லை. கூக்காலில் அறுவடை நெருங்குகிறது, அங்கேயே தங்கியிருக்கிறாராம். அந்த நாற்காலியில் இன்று உருளைக்கிழங்குக்காரர் ஒருவர் உட்கார்ந்தார். அந்தோணியண்ணன், "அதுக்குக் கால் ஆடுது சார், இங்கிட்டு வாங்க" என்று கிளப்பிவிட்டார். ஆடவில்லை. 

பாடக் குறிப்பில் சேர்க்க: தேடும்போது அலமாரியில் எது *இல்லை* என்று முதலில் கேளுங்கள்.

பால்காரருக்குச் சொல்ல வேண்டும், ஒரு டம்ளர் போதும் என்று. அம்மாவுக்குச் சளி.

செப். 29, சனி

டெல்லியிலிருந்து நகல் வந்தது. மைதா மூட்டை மாதிரி ஒட்டிக் கட்டிய உறை. முழுக்க ஜெர்மன். எங்கள் இருவருக்கும் ஓர் அட்சரம் தெரியாது, ஆனால் அட்டவணையில் எண்களுக்கு மொழி கிடையாது. க. கூக்காலிலிருந்து வந்திருந்தார். நகம் எல்லாம் மண். அட்டவணையைத் தன் அட்டவணையோடு பக்கத்தில் வைத்து விரலால் ஓட்டினார். ஏறும் இடத்தில் ஏறுகிறது. இறங்கும் இடத்தில் இறங்குகிறது.

"என்னுதுதான் மேடம். என்னைவிட நல்லா பண்ணியிருக்கான்" என்றார்.

"எழுத்தையும் படிக்கணும்ல."

"எழுத்துல என்ன சொல்லிறப் போறான். பூடு நல்லா வந்துச்சும்பான்."

வெரசா எழுந்து போய்விட்டார், கடைசி கூக்கால் பஸ்ஸைப் பிடிக்க. அவர் குடை இங்கேயே.

செண்பகனூர்ப் பக்கம் பாதர்கள் இல்லத்தில் பாதர் வெர்னர் இருக்கிறார். சுவிட்சர்லாந்துக்காரர். நான் பிறக்குமுன் வந்தவர். எனக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்ததே அவர்தான். அவருக்கு ஜெர்மன் தாய்மொழி. திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன்.

அக். 3, புதன்

மழை விட்டு விட்டு. மத்தியானத்துக்கு மேல் பாதர் அறையில். இன்று இரண்டாவது நாள். அவர் ஜெர்மனில் முணுமுணுத்துப் படித்து, தமிழில் சொல்கிறார். நான் பென்சிலால் எழுதுகிறேன். கணப்பில் யூகலிப்டஸ் கட்டை. பாதருடைய தமிழ் வேதாகமத் தமிழ், பூண்டுக்கும் அதே தமிழ்தான்.

"அந்தப் பூண்டுகள் குளிர் அறையிலே வைக்கப்பட்டன. அவை வசந்தகாலத்திலே நடப்பட்டன. அவை மிகவும் திரட்சியாய் விளைந்தன."

எழுதினேன். கேட்கக் கேட்க ஏதோ ஆசீர்வாதம் மாதிரி இருந்தது. ஆனால் ஒவ்வொரு வரியும் க.வுக்கு எதிரான வரி. அட்டவணை சொன்னதைத்தான் எழுத்தும் சொன்னது. முடிவுரை வந்தது. அதுவும் அப்படியே. பாதர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார்.

"முடிந்தது மகளே. இதற்குப் பின்பு சிறிய எழுத்திலே ஒரு பத்தி இருக்கிறது. பெரும்பாலும் நன்றி சொல்லுவார்கள். விட்டுவிடலாமா? என் கண்கள் களைத்தன."

ஜன்னலுக்கு வெளியே மூட்டம் தோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. கணப்பில் சூடு. எனக்குத் தூக்கம் வரும்போல, யாரோ தலையைக் கோதுவதுபோல இருந்தது. விட்டுவிடலாம், பாதருக்கு வயதாகிவிட்டது. நன்றிதான் சொல்லியிருப்பார்கள். விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. க. இங்கே இருப்பார்.

பென்சிலைச் சீவினேன். சீவ வேண்டியிருக்கவில்லை.

"படிங்க பாதர்" என்றேன்.

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். தாளை விளக்கின் பக்கம் சாய்த்தார்.

"எங்கள் நாட்டிலே... கோடையிலே பகல் மிகவும் நீளும். ஆகையால் பூண்டு திரண்டது குளிரினாலோ, பகல் நீண்டதினாலோ, எங்களால் பிரித்து அறியக் கூடவில்லை. வருஷம் முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே அளவாயிருக்கிற ஒரு தேசத்தில், குளிர்ந்த மலையின்மேல், இதை ஒருவன் செய்து பார்க்கவேண்டும். அப்படிப்பட்ட இடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை."

பாதர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எழுதாமல் இருந்தேன்.

"மகளே, இது நம்முடைய மலை அல்லவா" என்றார்.

எழுதினேன். எழுத்து கோணல்.

இங்கே பகல் நீள்வதே இல்லை. மார்கழிக்கும் வைகாசிக்கும் ஒன்றேகால் மணி நேரம் வித்தியாசம் இருந்தால் அதிகம். க. செய்தது அந்த ஆள் செய்ய முடியாமல் போனது. குளிர் மட்டும்தான் காரணம் என்று கூக்காலில் வைத்துத்தான் சொல்ல முடியும். நாலு வருடத்தில் ஒரு நாள்கூட வீண் இல்லை. இன்னும் ஓர் அத்தியாயம் எழுதினால் போதும், அதுவும் நல்ல அத்தியாயம்.

வீடு வரை நடந்தே வந்தேன். வழி நினைவில்லை. செருப்பு முழுக்கச் சேறு, அதனால் வழியில்தான் நடந்திருக்கிறேன்.

அக். 4, வியாழன்

லீவு போட்டேன். அம்மாவிடம் ஆபீஸ் சோலி என்றேன். பொய்யில்லை.

காலை பஸ். பூம்பாறை தாண்டி ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை, வெள்ளை. பஸ் நகர்கிறதா நிற்கிறதா என்று எஞ்சின் சத்தத்தை வைத்துத்தான். பக்கத்தில் ஒருவர் மடியில் கோழி. கோழியும் நானும் மாறி மாறித் தூங்கினோம். க.வுக்கு வாசித்துக் காட்ட வேண்டிய தாளை ஸ்வெட்டருக்குள் வைத்திருந்தேன், நனையாமல்.

ஏன் போகிறேன் என்று யோசித்தேன். சனிக்கிழமை அவரே குடை எடுக்க வந்திருப்பார். அதுவரை பொறுத்திருக்கலாம். பொறுத்தால் மனசு மாறிவிடும் என்று பயம். அதுதான்.

கூக்கால் ஏரிக்கு மேலே பாத்தி. மண் கிளறிக் கிடந்தது. நிலத்துக்காரரின் மனைவி ராக்கம்மாள் பூண்டை உதறிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆராச்சித் தம்பியவா? அந்தா கெடக்காரு. அஞ்சு நாளா வாய் தெறக்கல. பூட்டைப் பிடுங்கிப் பிடுங்கி எடை போடுறாரு, ஒரு மூச்சு விடுறாரு, அடுத்ததப் பிடுங்குறாரு. என்னத்தா ஆச்சு?"

"நல்ல சேதிதான் கொண்டாந்திருக்கேன்."

"ஏலே, தம்பியக் கூப்பிடு" என்று கணவரைப் பார்த்துத்தான் கத்தினாள்.

க. கையில் மண்ணோடு வந்தார். என்னை அங்கே பார்த்ததில் குழம்பிப்போனார். தாளை நீட்டினேன். கை அழுக்கு என்று வாங்கவில்லை. நானே படித்தேன், பாதர் சொன்ன அதே தமிழில். 'எங்களுக்குக் கிடைக்கவில்லை' என்ற இடத்தில் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

அவர் ஏரியைப் பார்த்தார். ஏரி தெரியவில்லை, அது இருக்கும் திசையை. பிறகு வரப்பில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். முகமெல்லாம் மண்.

"இன்னொருக்கா படிங்க" என்றார்.

படித்தேன்.

ராக்கம்மாளுக்கு விஷயத்தைச் சொன்னோம். "பகல் நீளாதுங்கறதுக்கா நாலு வருசம்? என்னையக் கேட்டிருந்தாச் சொல்லிருப்பேன்ல" என்றாள். க. சிரித்தார். இந்த முறை நிஜச் சிரிப்பு. வரக்காப்பி கொடுத்தாள். ஒரு கட்டு பூண்டும் கொடுத்தாள்.

பஸ் வரும் வரை வரப்பில் உட்கார்ந்திருந்தோம். அவர் அந்தப் புது அத்தியாயத்தைப் பேசிக்கொண்டே இருந்தார். நான் 'ம்' சொன்னேன். மூட்டம் விலகி ஏரி கொஞ்சம் தெரிந்தது, மறைந்தது.

"மேடம், நீங்க ஏன் இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" என்று ஒரு முறை கேட்டார்.

"குடை" என்றேன். அதை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அவர் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

அக். 16, செவ்வாய்

டிரெயினிங் முதல் நாள். எல்லாரும் கீழேயிருந்து வந்தவர்கள். மப்ளருக்குள் மூக்கு மட்டும் தெரிந்தது. பாதிப் பேர் கணப்பை விட்டு நகரவில்லை. நூலகத்தின் அருமை அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது.

ஒரு பையன் எழுந்து, "மேடம், இதையெல்லாம் நீங்களே தேடிக் குடுத்துறலாமே?" என்றான்.

"குடுக்கலாம். ஆனா நான் மறந்துபோவேன். அப்ப என்ன செய்வீங்க?"

பின்னால் உட்கார்ந்திருந்த க. எழுந்து, நாற்காலிக்கு மேலே இருந்த தொகுதியை எடுத்து, தன் கதையை அவரே சொன்னார். மதுரை, அட்டை, தலைக்கு மேல் இரண்டு வருடம். என்னைக் குறை சொல்லவில்லை. "நானும் கேட்டிருக்கணும்" என்றார். "கேக்காம இருந்துறாதீங்க. கேட்டா ஒண்ணும் கொறைஞ்சிற மாட்டோம்." சொல்லும்போது பையன்களைப் பார்க்கவில்லை.

எனக்கு அடுத்து என்ன பாடம் என்று மறந்துவிட்டது. பக்கத்தைக் கிழிக்கக் கூடாது என்பதை இரண்டு தடவை சொன்னேனாம்.

சாயங்காலம் எல்லாரும் படகுக்குப் போனார்கள். தலைவலி என்று போகவில்லை. தலை வலிக்கவில்லை.

நவ. 12, திங்கள்

ஆய்வேடு ஒப்படைத்தாயிற்று. அந்தப் புது அத்தியாயம் பெரிதாக வந்துவிட்டது. முன்னுரையில் நன்றி: பாதருக்கு, ராக்கம்மாளுக்கு, நூலகத்துக்கு. நூலகத்துக்கு என்று ஒரு கட்டடத்துக்குச் சொல்வதுபோல இருந்தது. டைப் அடித்த பெண் என் பெயரை விட்டுவிட்டாளாம், க. தானே மையால் எழுதிச் சேர்த்திருக்கிறார். எல்லாப் பிரதியிலும்.

இன்று பனி. வெயில் இருந்தும் சுடவில்லை.

நவ. 30, வெள்ளி

வெளியே பளிச்சென்று இருக்கிறது. இந்த மாதிரி நாளில் கீழே பழனி வரை தெரியும் என்பார்கள்.

முத்திரையைத் திருப்பினேன்.

நிலையத்தை விட்டுப் போகிறவர் எல்லாப் பிரிவிலும் 'பாக்கி ஒன்றும் இல்லை' என்று கையெழுத்து வாங்க வேண்டும். கேன்டீன், ஸ்டோர்ஸ், ஆய்வகம். கடைசியில் நூலகம். க. பதினொரு மணிக்கு வந்தார். புத்தகங்களை அந்தோணியண்ணன் எண்ணி அடுக்கினார். எல்லாம் சரி. அண்ணன், "நான் கீழ போயி தபாலு வந்துச்சான்னு பாத்துட்டு வாரேன்" என்று போனார். தபால் வருவது இரண்டு மணிக்கு.

கையெழுத்துப் போட்டேன். பேனா ஒழுங்காகத்தான் எழுதியது. க. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். போகவில்லை.

"ஒரு புத்தகம் வேணும்" என்றார்.

"போற ஆளுக்குக் குடுக்கக் கூடாது. இப்பத்தானே கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும்."

"என்ன புத்தகம்?"

"எதுனாலும். நீங்களா எடுத்துக் குடுங்க."

நான் எழுந்து போய் அலமாரி முன்னால் நின்றேன். எந்த அலமாரி என்று தெரியவில்லை. முதுகுகளில் எழுத்து தெரிகிறது, வார்த்தை தெரியவில்லை. கைக்கு வந்ததை எடுத்தேன். தேனீ வளர்ப்பு.

"தபால்ல அனுப்புனா ஏத்துக்குவீங்களா?" என்று கேட்டார்.

"மாட்டோம்."

"நல்லது. பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வருவேன். கடையில கூட்டம், அப்பாவுக்கு ஆள் வேணும். கூட்டம் முடிஞ்சதும் மேல வந்து, நேர்ல குடுக்கறேன். ஒங்க வீட்டுக்கும் வரணும். அம்மாவப் பாக்கணும். அதுக்குள்ள நீங்க வேணாம்னு நெனச்சா, ஒரு கார்டு போடுங்க. கெடு முடிஞ்சதுன்னு மட்டும் எழுதினாப் போதும்."

  முத்திரையை எடுத்துச் சக்கரத்தைத் திருப்பினேன். மாதச் சக்கரம், பிறகு வருடச் சக்கரம். அது புதுசு, இறுக்கமாக இருந்தது. ஏப்ரல், எண்பது. குத்தினேன். மை ஈரம் காயும் வரை ஊதினேன். கொடுத்தேன்.

படியிறங்கும் சத்தம். பிறகு இல்லை.

மத்தியானம் ஆட்கள் வந்தார்கள், புத்தகம் எடுத்தார்கள், போனார்கள். நான் குத்திக்கொண்டிருந்தேன். நாலரை மணிக்கு அந்தோணியண்ணன் ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"யம்மா, பூச்சிக்காரவுக எல்லாருக்கும் ஏப்ரல் எண்பதுன்னு குத்திவுட்டிருக்கீங்க."

"தெரியும்ணே" என்றேன்.